லொட்ஜிலிருந்து புதுக்கடைக்கு

2007 ஜூன் 7, வியாழக்கிழமை. விடிவதற்கு முன்பே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளுக்குள் பொலிஸார் நுழைந்தார்கள். அறை அறையாக ஏறி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பார்த்த கையோடு, சாமான்களைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கச் சொன்னார்கள். வாசலில் பஸ்கள் நின்றன. அரசு தரப்புக் கணக்கின்படி அன்று ஏற்றப்பட்டவர்கள் 376 பேர்; ஆண்கள் 291, பெண்கள் 85. எல்லோரும் தமிழர். வடக்கே வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அந்த பஸ்கள் போயின.

தகுந்த காரணமில்லாமல் தலைநகரில் தங்கியிருக்கிறார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். அதற்கு முந்தைய மே மாதக் கடைசியில் கொழும்பில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்திருந்தன, பீதி பொய்யல்ல. ஆனால் லொட்ஜில் இருந்தவர்களின் காரணங்களும் பொய்யல்ல. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவது கப்பலையும் விமானத்தையும் பாஸையும் நம்பிய காரியமாகிவிட்டது. கடவுச்சீட்டு எடுப்பது, தூதரக நேர்முகம், வெளிநாட்டு ஏஜென்சி, பெரிய ஆஸ்பத்திரி எல்லாமே கொழும்பில். வந்தவர் உடனே திரும்ப முடியாது. திரும்பினால் மறுபடி வர முடியுமோ தெரியாது. ஆகவே இரண்டு நாள் என்று எடுத்த அறை இரண்டு மாதமாகும். தங்குபவர் விபரம் லொட்ஜ்காரரின் பதிவேட்டில் இருக்கும், பொலிஸிலும் இருக்கும். ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்த கதை அல்ல இது. பதிந்துவைத்திருந்தவர்களைத்தான் பிடித்து ஏற்றினார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமையே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை உத்தரவு பிறப்பித்தது. கொழும்பிலிருந்து தமிழரை வெளியேற்றக்கூடாது, அவர்கள் கொழும்புக்குள் வருவதையும் தங்குவதையும் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். வவுனியாவில் இறக்கப்பட்டவர்களில் பலர் அதே பஸ் வழியில் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துப் பொறுப்பேற்றார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச அப்படியொன்றும் வருந்தவில்லை. கைது செய்வதைவிட ஊருக்கு அனுப்புவது மேல் என்கிற பாணியில் வெளிநாட்டு நிருபர்களிடம் விளக்கம் சொன்னார். ஒரே அரசாங்கம், ஒரே வாரம்.

இதில் கவனிக்கவேண்டியது மனுதாரர் யார் என்பது. பஸ்ஸில் ஏற்றப்பட்ட 376 பேரில் ஒருவரும் அல்ல. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்கிற கொழும்பு நிறுவனமும் அதன் நிறைவேற்றுப் பணிப்பாளர் பாக்கியசோதி சரவணமுத்துவும் போட்ட மனு அது. ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் இருப்பவர் சட்டத்தரணிக்கு புரொக்சி கையெழுத்திட முடியாது, சத்தியக்கடதாசி முடிக்க முடியாது. அவருக்காக இன்னொருவர், உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடையில் படியேறலாமா? இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் கிடைக்க இலங்கையில் நெடுங்காலம் பிடித்தது. கொழும்புத் தமிழரின் சட்டப் போராட்ட வரலாறு பாதிக்கு மேல் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. தீர்ப்பில் என்ன கிடைத்தது என்பது அதற்கடுத்த விஷயம்.

சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பான சோல்பரி அரசியலமைப்பில் அடிப்படை உரிமை என்று ஓர் அத்தியாயமே கிடையாது. இருந்ததெல்லாம் 29ஆம் பிரிவு: ஓர் இனத்தையோ மதத்தையோ சார்ந்தவர்களுக்கு மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது. அந்த ஒற்றைப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர் கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாததால் 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. சில ரூபாய் விவகாரம். ஆனால் அந்த ரூபாய்க்குப் பின்னால் நின்றது, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956இன் அரசகரும மொழிச் சட்டம். கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெட்சர் 1964இல் அச்சட்டம் செல்லாது என்றே சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மொழிப் பக்கமே போகவில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று கதவைச் சாத்தியது. 1969 டிசம்பரில், அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம், போடலாம் என்று கதவைத் திறந்து, மொழிச் சட்டத்தின் செல்லுபடியை நீங்களே விசாரியுங்கள் என்று கொழும்புக்குத் திருப்பி அனுப்பியது.

அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேல்முறையீடு ஒழிந்தது. 1972 மே 22இல் குடியரசு பிறந்தபோது 29ஆம் பிரிவும் போயிற்று. ஓர் எழுதுவினைஞர் எட்டு வருடம் நடத்திய வழக்கின் மிக முக்கியமான கேள்வி பதிலில்லாமல் கோப்பிலேயே முடிந்தது. வென்றது, வழக்குப் போடும் உரிமை மட்டும்.

அடுத்த பெரிய நாடகம் 1976. குடியரசு தினத்தையொட்டித் துண்டுப் பிரசுரம் விநியோகித்ததற்காகத் தமிழ் அரசியல் தலைவர் அ. அமிர்தலிங்கமும் சில தமிழ் எம்.பி.க்களும் கைதானார்கள். அமிர்தலிங்கத்தை மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட ஆயத்தின் முன் கொழும்பில் நிறுத்தினார்கள். எதிரித் தரப்பில் ஆஜரானவர்களைப் பார்த்து நீதிமன்றமே நிறைந்துபோயிற்று: எஸ்.ஜே.வி. செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம், மு. திருச்செல்வம் என்ற மூன்று இராணி அப்புக்காத்துகள், அவர்களோடு அறுபதுக்கும் மேற்பட்ட சட்டத்தரணிகள். செல்வநாயகமும் பொன்னம்பலமும் மலையகத் தமிழரின் குடியுரிமை விவகாரத்தில் பிரிந்து இருபது வருடத்துக்கு மேல் எதிரெதிர் மேடைகளில் நின்றவர்கள். இங்கே ஒரே மேசை. அவசரகால விதிகள் சட்டப்படி செல்லுமா என்பதுதான் அவர்கள் கிளப்பிய வாதம். குற்றம் செய்தாரா இல்லையா என்பது பின்னுக்குப் போய்விட்டது. திருச்செல்வம் அந்த வருடம் நவம்பரிலும், பொன்னம்பலம் 1977 பெப்ரவரியிலும், செல்வநாயகம் அதே வருட ஏப்ரலிலும் மறைந்தார்கள்.

அவர்களில் இருவருடைய பிள்ளைகளும் கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள். நீலன் திருச்செல்வம், சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளை போன்ற நிறுவனங்களைக் கட்டி, தனி மனிதர் வழக்கை நிறுவனங்களின் வேலையாக மாற்றியவர்களில் முன்னவர். 1999 ஜூலை 29இல் கொழும்பில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். குமார் பொன்னம்பலம், பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகளுக்காக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியவர். 2000 ஜனவரி 5இல் வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் அவருடைய காருக்குள் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். ஆறு மாதத்துக்குள் இரண்டு கொலைகள், இரண்டு வெவ்வேறு திசைகளிலிருந்து. அரசியலில் இருவரும் ஒத்துப்போனவர்களும் அல்ல.

இடையில் 1978 அரசியலமைப்பு வந்திருந்தது. அடிப்படை உரிமைகளுக்கு மூன்றாம் அத்தியாயம். அவற்றைக் காக்க 126ஆம் உறுப்புரை. இந்த உறுப்புரை தரும் வரத்திலேயே சிக்கலும் இருக்கிறது. மனுவை நேரே நாட்டின் உச்ச மன்றத்துக்கே கொண்டுபோகலாம். ஆனால் அங்கே மட்டும்தான் கொண்டுபோகலாம். யாழ்ப்பாணத்தில் அடி வாங்கினாலும் அம்பாறையில் அடி வாங்கினாலும் புதுக்கடைக்கே வரவேண்டும். அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். தடுப்பில் இருப்பவருக்கு, எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே வீட்டாருக்குத் தெரியவர ஒரு மாதம் ஆகிவிடும். நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் மனுவை முடிக்கவேண்டும் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. மனுதாரரின் ஒரு மாதம் கறாராகப் பார்க்கப்பட்டது. நீதிமன்றத்தின் இரண்டு மாதம் வருடக்கணக்கில் நீண்டது.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. பாதிக்கப்பட்டவர் தாமாகவோ, அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ மனுச் செய்யலாம் என்றது சட்டம். 1990இல் சோமாவதி என்ற பெண் தன் கணவனுக்காகப் போட்ட மனுவை, மனைவி சட்டத்தரணி அல்ல என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. 1979இல் பீகார்ச் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை வைத்து கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் டெல்லி உச்ச நீதிமன்றம் போனார். பின்னர் அங்கே கைதியின் கடிதமே மனுவாயிற்று. அந்தக் காற்று மன்னார் கடலைத் தாண்ட இன்னும் காலம் இருந்தது.

தாண்டிய வழி கொஞ்சம் எதிர்பாராதது. 2000இல் எப்பாவல பொஸ்பேற் சுரங்கத்தை எதிர்த்துப் போன விவசாயிகளின் வழக்கில், பொதுநலத்துக்காக வந்தவர்கள் என்ற ஆட்சேபத்தை நீதிமன்றம் தள்ளிவிட்டு அவர்களை உரிமை பாதிக்கப்பட்ட குடிமக்களாகவே ஏற்றது. 2003இல் பொலிஸ் காவலில் பட்ட காயங்களால் இறந்தவரின் மனைவி சிறியாணி சில்வா போட்ட வழக்கில், செத்தவருக்காக உயிரோடிருப்பவர் கேட்கலாம் என்று ஏற்றார்கள். செத்தவரே வந்து மனுப் போடவேண்டும் என்றால் கொலைக்கு வழக்கே இராதல்லவா. அதற்கிடையில் 1996இன் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டிருந்தது: ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. இந்தச் சங்கதி சட்டப் புத்தகத்தைவிட வேகமாக வெள்ளவத்தை வீடுகளில் பரவியது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் செஞ்சிலுவைச் சங்கம், அடுத்து ஆணைக்குழு, பிறகு சட்டத்தரணி என்ற வரிசையை அம்மாமார் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

வடக்கிலிருந்து வந்த ஒரு வழக்கை இங்கே சொல்லாமல் விட முடியாது. வவுனியா சிதம்பரபுரம் முகாமில் இருந்த வடிவேலு என்பவரை பாஸ் இல்லாமல் வெளியே போக விடவில்லை. 2002இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் ஆயம், நடமாடும் உரிமையும் சமத்துவமும் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் நடமாடவும் குடியிருக்கவும் உரிமை தரும் 14(1)(எச்) உறுப்புரையை லொட்ஜ் வழக்குக்கு ஐந்து வருடம் முன்பே கூர் தீட்டி வைத்தது அந்தத் தீர்ப்பு.

இப்படியெல்லாம் திரட்டிவைத்த நெம்புகோல்கள்தான் 2007இல் ஒரே நாளில் வேலை செய்தன.

ஆனால் தடை உத்தரவு வெளியேற்றத்தைத் தடுத்தது, கைதைத் தடுக்கவில்லை. அதே வருட நவம்பர் 28 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் சில நாட்களில் 2,500க்கும் மேற்பட்ட தமிழரை வளைத்துப் பிடித்தார்கள். பலரை பூஸா தடுப்பு முகாம் வரை கொண்டுபோனார்கள். இம்முறை மனுவோடு போனது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். பிடிபட்டவர்களில் பெரும்பாலானோர் சில நாளிலேயே விடுவிக்கப்பட்டார்கள். 2008 செப்டம்பரில் வடக்கிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மேல் மாகாணத்துக்கு வந்த எல்லோரும் பொலிஸில் பதியவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வெளியேற்ற முடியாது என்றான பிறகு, எண்ணி வைப்பது வழியாயிற்று. வரிசையில் நின்றவர்களில் பத்து வருடமாகக் கொழும்பில் இருப்பவர்களும் உண்டு. பதியாமல் மாட்டிக்கொள்வதைவிடப் பதிந்துவிடுவது நல்லது என்ற கொழும்புக் கணக்கு.

எந்த உத்தரவும் தொட முடியாத இருட்டும் அந்தக் காலத்தில் இருந்தது. 2008, 2009இல் கொட்டாஞ்சேனை, தெகிவளை உட்படக் கொழும்புப் பகுதிகளில் பதினொரு இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமற் போனார்கள். பெற்றோர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் போனார்கள். ஆளைக் கொண்டுவா என்று நீதிமன்றம் கேட்கலாம். ஆள் எங்கள் வசம் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டால் மனு அங்கேயே தள்ளாடும். விசாரணை கடற்படையை நோக்கித் திரும்பி, 2019இல் விசேட ஆயத்தின் முன் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட உட்பட 14 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. 2021 ஓகஸ்டில் கரன்னாகொட மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். பெற்றோர் அந்த முடிவையே எதிர்த்து மறுபடி நீதிமன்றம் போனார்கள்.

கொட்டாஞ்சேனைக்கு அடுத்த பெரிய வழக்கு, யாரும் எண்ணாத திசையிலிருந்து வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையிலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் குண்டுக்கு இலக்கான முதல் இடங்களில் ஒன்று. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் அசையாதவர்களுக்கு எதிராக 12 அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கலாயின. மனுதாரர்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோர், கத்தோலிக்கக் குருமார், சட்டத்தரணிகள் சங்கம் என்று பல தரப்பினர். 1990இல் ஒரு மனைவிக்கே மூடியிருந்த கதவு இது.

2023 ஜனவரி 12இல் ஏழு நீதியரசர்கள் தீர்ப்பளித்தார்கள். சமத்துவ உரிமையும் வழிபாட்டுச் சுதந்திரமும் மீறப்பட்டன. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவர் நிலந்த ஜயவர்தனவும் தலா ஏழரைக் கோடி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவராக இருந்த சிசிர மெண்டிஸ் ஒரு கோடி. எல்லாம் சொந்தப் பணத்திலிருந்து. நாட்டின் தலைவராக இருந்தவர் தன் மடியிலிருந்து நட்டஈடு கட்டவேண்டும் என்பது இலங்கையில் அரிதான உத்தரவு. சிறிசேன முதலில் ஒன்றரைக் கோடியைக் கட்டிவிட்டு, மிச்சத்தை 2033 வரை பத்து வருடாந்தத் தவணைகளில் தருகிறேன் என்று கேட்டார். நீதிமன்றம் அத்தனை வருடம் கொடுக்கவில்லை. 2024இல் முழுத் தொகையையும் கட்டி முடித்தார்.