1841இன் இரண்டு சட்டங்கள்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பாதையில் உள்ளது ஹுன்னஸ்கிரிய. கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், 1841ஆம் ஆண்டில், ஆங்கிலேய அரசு அடுத்தடுத்த இலக்கங்களில் இரு கட்டளைச் சட்டங்களை இயற்றியது. 5ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு விலகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது. 4ஆம் இலக்கச் சட்டம், வேலையின்றி அலைந்து திரிவோரைத் தண்டித்தது. பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் விலைமாதும் இதில் அடக்கம்.

தொழிலாளர் சட்டம் 1865இல் மாற்றி எழுதப்பட்டது. அலைந்து திரிவோர் சட்டமோ 1948இன் சுதந்திரத்தையும் கடந்து நீடித்தது. 1889இல் விபச்சார விடுதி நடத்துவதும் குற்றமாக்கப்பட்டது.

பணம் பெற்று உறவு கொள்வதையே தனிக் குற்றமென இவ்விரு சட்டங்களும் கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் விளைவு என்ன? தெருவில் நின்றால் ஒரு சட்டம் துரத்துகிறது. பாதுகாப்புக் கருதிப் பலர் ஒரு வீட்டில் சேர்ந்தால் மற்றது கதவைத் தட்டுகிறது. அடிபட்டவளும், பேசிய பணம் மறுக்கப்பட்டவளும் பொலிஸ் நிலையத்தின் படியேற அஞ்சுகிறார்கள். கொடுக்கும் முறைப்பாடே தமக்கெதிரான சாட்சியமாகிவிடலாம் அல்லவா?

நியூசிலாந்து 2003இல் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கித் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளுக்குள் கொண்டுவந்தது. சுயவிருப்பில் ஈடுபடும் வயதுவந்தோரைத் துன்புறுத்தலாகாது என 2022 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது. இலங்கையின் அலைந்து திரிவோர் சட்டத்தை நீக்குமாறு பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2017இல் பரிந்துரைத்தது.

தோட்டத் தொழிலாளியை உரிமையுள்ள மனிதனாகச் சட்டம் ஏற்பதற்கே நீண்ட காலம் பிடித்தது. அதே ஆண்டுச் சட்டத்தில் அகப்பட்ட இப்பெண்ணுக்கு இன்னும் எத்தனை காலம்?