ஆரணியில் எழுதிய உயிலும் தங்கசாலையில் எழுதிய உயிலும்



இந்த முறை கொஞ்சம் சட்ட வரலாறு. பி.காம். படிக்கிறவனுக்கு உயில் பற்றி என்ன கவலை என்று கேட்காதீர்கள். சொத்து, கடன், டெபாசிட் எல்லாம் நம்ம பாடம்தானே? அதை வைத்திருந்தவர் போன பிறகு அது யாருக்கு என்பதும் கணக்கில்தான் சேரும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 'உயில்' என்பது பழைய தமிழ்ச் சொல் மாதிரி தோன்றும். ஆனால் அது ஆங்கில 'வில்' தான், தமிழ் வாயில் புகுந்து உயில் ஆகிவிட்டது. சொல் மட்டும் இல்லை, அந்த வழக்கமே நமக்குப் புதிதாக வந்ததுதான். பழைய இந்து தர்ம நூல்களில் உயில் கிடையாது. கூட்டுக் குடும்பத்தில் சொத்து பிறப்பாலேயே மகன்களுக்கு வந்துவிடும். அப்பா "எனக்குப் பிறகு இது இவனுக்கு" என்று எழுத அதில் இடமே இல்லை.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே உயிலை மெய்ப்பித்துக் கொடுக்கும் வேலை பல நூற்றாண்டுகள் சர்ச் நீதிமன்றங்களிடம் இருந்தது. 1857-ல் சட்டம் போட்டுத்தான் அதை அரசு நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். அந்த மெய்ப்பித்தலுக்குப் பெயர்தான் புரொபேட். "இதுதான் இறந்தவரின் கடைசி உயில், இவர்தான் அதை நிறைவேற்றுபவர்" என்று நீதிமன்றம் முத்திரை போட்டுத் தருவது. 1726-ல் வந்த அரச சாசனம் சென்னைப் பட்டணத்து மேயர் நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அதாவது கோட்டையைச் சுற்றி இருந்த வெள்ளைக்காரர்களின் உயில்களுக்காக வந்த ஏற்பாடு.

பட்டணத்து வியாபாரிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? அவர்களும் உயில் எழுத ஆரம்பித்தார்கள். மாகாணத்தின் மற்ற ஊர்களில் நிலைமை வேறு. 1829-ம் ஆண்டின் 5-ம் ரெகுலேஷன் மூலம் கும்பெனி அரசு, இந்து எழுதும் உயில் இந்து சட்டத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்குத்தான் செல்லும் என்று சொல்லிவிட்டது. பிறகு 1856-ல் சென்னை மாகாணத்திலிருந்து போன நாகலட்சுமி அம்மாள் வழக்கில், இந்துவும் உயில் எழுதலாம் என்பதை லண்டன் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 1870-ல் இந்து உயில்கள் சட்டம் வந்தது. உயிலை எழுத்தில் எழுத வேண்டும், சாட்சிக் கையெழுத்து வேண்டும், புரொபேட் வாங்க வேண்டும் என்றது. ஆனால் யாருக்கு? வங்காளப் பகுதிக்கும், சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும்! ஆரணி இருந்த வட ஆற்காடு அதில் இல்லை. 1927 ஜனவரி 1-க்கு முன்னால் இங்கே ஒரு இந்து வாய்வார்த்தையாகவே உயில் சொல்லிவிட்டுப் போகலாம். அன்று முதல் எழுதும் உயில்களுக்குத்தான் எழுத்தும் இரண்டு சாட்சிகளும் எல்லா ஊருக்கும் கட்டாயம் ஆயின. புரொபேட் மட்டும் அப்போதும் இந்தப் பக்கம் கட்டாயம் ஆகவில்லை.

1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அதே கோட்டை அப்படியே வைத்துக்கொண்டது. 57, 213 என்ற இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் விளங்கும். ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். ஆரணியில் ஒரு பட்டு வியாபாரி. ஊரில் வீடு, சென்னை தங்கசாலைத் தெருவில் கடை. ஆரணியிலேயே உட்கார்ந்து ஒரே தாளில் உயில் எழுதுகிறார். அவர் காலமான பிறகு ஆரணி வீட்டுக்கு அந்தத் தாளைக் காட்டினால் போதும். சென்னைக் கடைக்கு அதே தாள் செல்லாது, உயர் நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கி வா என்பார்கள். தாள் ஒன்று, கையெழுத்து ஒன்று, சட்டம் மட்டும் இரண்டு! :-)

மதத்தை வைத்தும் வித்தியாசம் இருந்தது. முஸ்லிம்களுக்கு இந்த 213 பொருந்தாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ல்தான் விலக்கு கிடைத்தது. கடைசியில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213-வது பிரிவையே நீக்கிவிட்டது. இனி சென்னையிலும் புரொபேட் கட்டாயம் இல்லை, விரும்பினால் வாங்கலாம். 1870-ல் போட்ட கோடு அழிய 155 வருடம் ஆகியிருக்கிறது.

சரி, அப்படியென்றால் நம்ம ஊர்க்காரர்கள் இத்தனை காலம் கொடுத்து வைத்தவர்களா? கோர்ட் செலவு இல்லை, அலைச்சல் இல்லை என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புரொபேட் கட்டாயம் இல்லை என்றால் உயிலை நிரூபிக்கவே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. நிரூபிக்கும் நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து யாராவது வழக்குப் போட்டால், அப்போது சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி "என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டும். சாட்சிகள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தால் கையெழுத்துகளை வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். 30 வருடப் பழைய பத்திரம் என்றால் உண்மை என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சலுகை உயிலுக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லியிருக்கிறது. ரிஜிஸ்டர் செய்த உயிலுக்கும் சாட்சி வேண்டும்.

இதில் அடிபடுவது பெரும்பாலும் யார் என்று யோசித்துப் பாருங்கள். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்கு கொடுத்தது. அதே சட்டத்தின் 30-வது பிரிவு, கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கையும் உயிலில் எழுதலாம் என்றது. தமிழ்நாடு 1989-ல் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது, நாடு முழுக்க அது 2005-ல் வந்தது. ஒரு கையால் கொடுத்த பங்கை இன்னொரு கையால் எழுதி மாற்ற உயில் என்ற வழி திறந்தே இருக்கிறது.

நெசவு வீட்டில் இது இன்னும் கடினம். குழித்தறி வீட்டுக்குள்ளேயே தரையில் பதிந்திருக்கிறது. வீடு ஒருவருக்கு என்று எழுதினால் தறியும் பிழைப்பும் சேர்ந்தே போகிறது. கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து அதே தறியில் உட்காரும் மகளுக்கு, பல வருடம் கழித்து ஒரு தாளைக் காட்டினால் அவள் யாரைப் போய்க் கேட்பாள்?

நீதிமன்றங்களுக்கு இது தெரியாமல் இல்லை. வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-லேயே ஒரு விதி வகுத்தது. நடுங்கும் கையெழுத்து, தளர்ந்த மனநிலை, காரணமே இல்லாமல் நெருங்கிய வாரிசை ஒதுக்குவது, லாபம் அடைபவரே முன்னின்று உயில் எழுத வைப்பது... இப்படிச் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்க வேண்டியது உயிலைக் கொண்டுவருபவர் பொறுப்பு.

ஆரணிக்காரர்கள் புரொபேட் வாங்க விரும்பினால் திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அசல் உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் விவரம், சொத்து மதிப்பு வேண்டும். மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். எதிர்ப்பு வந்தால் அது முழு வழக்காக நடக்கும். புரொபேட் கிடைத்தவர் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்தில் வரவு செலவுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். (காமர்ஸ் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது பாருங்கள்!) செலவும் அலைச்சலும் உண்டு, ஆனால் அந்த நோட்டீஸ்தான் முக்கியம். எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே, வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோர் காதிலும் விஷயம் விழுகிறது.

நம்ம கிளாஸ் நண்பர்களுக்கு இன்னும் மூன்று வரி. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும், பங்கைத் தீர்மானிக்காது. எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் அன்றைய சட்டத்தின்படி தீர்ப்புச் சொன்னது. உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், ஆனால் சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும்.

கட்டாயம் நீங்கியதால் இனி நாடு முழுக்க ஆரணி மாதிரிதான். புரொபேட்டைக் கைவிட்டது சரிதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நோட்டீஸுக்குப் பதிலாக மகள்களுக்கு யார் தகவல் சொல்லப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.