கல்லெறிந்து வரைந்த படம்

அய்யலூரில் உட்கார்ந்து கடலைப் பற்றி எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வியாழன்தோறும் ஆட்டுச்சந்தை கூடும் ஊர். அலைச்சத்தம் எட்டாத ஊர். ஆனால் கடலடி வரைபடம் பிறந்த விதம் எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்க்கக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவோம். இல்லாவிட்டால் கல்லைப் போட்டுவிட்டு, 'சளக்' கேட்கும்வரை எண்ணுவோம். கடலை அளந்தவர்களும் இதே இரண்டைத்தான், இதே வரிசையில் செய்தார்கள்.

முதலில் கயிறு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் ஆழத்தை, இரு கை விரித்த நீளமான பாகக் கணக்கில் சொன்னார்கள். அடியில் கிடக்கும் பாறைத்திட்டுகளான பார்களுக்குப் பெயரும் வைத்தார்கள். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொலாயிரம் பார் அப்படி ஒன்று. ஆழ்கடல் அத்தனை சுலபத்தில் மசியவில்லை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல், ஆழ்கடலில் கயிறு இறக்கிப் பார்த்தது 492 இடங்களில்தான். ஊர் முழுக்க நாலே கிணறு பார்த்துவிட்டு நிலத்தடி நீர் பற்றிப் பேசுகிற மாதிரி.

அப்புறம் சத்தம். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். கப்பலிலிருந்து கிளம்பிய ஒலி அடியில் மோதி 4 வினாடியில் திரும்பினால் ஆழம் 3,000 மீட்டர். கப்பல் நிற்கக்கூட வேண்டாம். 1933-34-ல் 'மபாஹிஸ்' என்ற எகிப்தியக் கப்பல் இப்படி ஒலியால் ஆழம் அளக்கும் கருவியோடு அரபிக்கடலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தது. தலைமை தாங்கியவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த செய்மோர் சீவெல். அங்கே நீருக்குள் ஒரு மலைத்தொடரும் அதன் முதுகு நெடுக ஒரு பள்ளமும் தட்டுப்பட்டன. அந்த மலைக்குக் கார்ல்ஸ்பெர்க் என்று பெயர். ஆமாம், பீர் கம்பெனியேதான்! முன்பு அந்தப் பக்கம் வந்த டென்மார்க் பயணத்துக்குப் பணம் கொடுத்தது அதன் அறக்கட்டளை.

அட்லாண்டிக்கிலும் அதே மாதிரிப் பள்ளத்தை 1950-களில் எண்களுக்குள்ளிருந்து கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் மேரி தார்ப். பெண் என்பதால் அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. கரையில் மேசைமேல் குனிந்து, ஆண்கள் கொண்டுவந்த அளவுகளை மலையாகவும் பள்ளமாகவும் வரைந்தார். கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசனே முதலில் அதைப் 'பெண் பேச்சு' என்று தள்ளினார். 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் நம் பெருங்கடலை அலசின. அதன் பிறகு தார்ப், ஹீசன் இருவரின் உழைப்பில், ஆஸ்திரிய ஓவியர் பெரானின் தூரிகையில், 1967-ல் இந்தியப் பெருங்கடலின் அடி முழுசாகப் படமாயிற்று.

அரபிக்கடலுக்கடியில் இன்று ராமன் மேடு என்றும் ஒன்று உண்டு. 1992-ல் ஏற்கப்பட்ட பெயர். எங்கள் ஊர்வழியே போகும் திருச்சி சாலையைப் பிடித்தால், அந்த சி.வி.ராமன் பிறந்த திருவானைக்காவலுக்கே போய்விடலாம். 2024-ல் அசோகா, சந்திரகுப்த், கல்பதரு என்று இந்தியா முன்வைத்த மூன்று பெயர்களும் கடலடி வரைபடத்தில் ஏறின. அடுத்த மலைக்குப் பெயர் தேடுகிறவர்கள், தொலாயிரம் பாருக்குப் பெயர் வைத்த குளியாட்களையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.