மூச்சுக்குத் துணை

பழந்தமிழில் 'உயிர்ப்பு' என்னும் சொல் மூச்சைக் குறிக்கும். உயிருக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை அச்சொல் ஒன்றே உணர்த்திவிடுகிறது. அம்மூச்சு நோயால் தளரும்போது, தொண்டைக்குள் குழாய் செலுத்தாமலே அதற்குத் துணை நிற்க இயலுமா? கோவிட்-19 நோய்க் காலத்தில் உலகெங்கும் எழுந்த வினா இது. ஆயினும் இவ்வினாவுக்கு வயது ஏறத்தாழ நூறு. கொள்ளை நோய்கள் நெருக்கிய போதெல்லாம் மருத்துவம் இதற்குப் புது விடை தேடியிருக்கிறது.

இரும்பு நுரையீரல்

1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், இளம்பிள்ளை வாதத்தால் மூச்சு அடங்கும் நிலையிலிருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உருளை வடிவப் பெட்டியொன்றினுள் கிடத்தப்பட்டாள். தலை மட்டும் வெளியே இருந்தது. பெட்டிக்குள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்தது. காற்று மூக்கின் வழியே தானே உட்புகுந்தது. நினைவிழந்திருந்த சிறுமி சிறிது நேரத்தில் நினைவு பெற்றாள். பின்னர் அவள் நோய் முற்றி இறந்தாள் எனினும், பிலிப் டிரிங்கர், லூயி ஷா ஆகிய இருவரும் அமைத்த அக்கருவி 'இரும்பு நுரையீரல்' என்னும் பெயரால் எங்கும் பரவியது.

கோப்பன்ஹேகன் தந்த திருப்பம்

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் கடுமையாகத் தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்த கருவிகளோ மிகச் சில. அவற்றின் உதவி பெற்ற முதல் 31 நோயாளிகளுள் 27 பேர் இறந்தனர். அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர் மாற்று வழி காட்டினார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி, காற்றை நேரே உள்ளே செலுத்தச் செய்தார். சுமார் 1,500 மாணவர்கள் இரவு பகலாக முறை வைத்து நோயாளிகளின் அருகில் அமர்ந்து அப்பையை அழுத்தினர். இறப்பு விகிதம் படிப்படியாகக் குறைந்து நான்கில் ஒரு பங்களவுக்கு வந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே பிறந்தது எனலாம்.

அன்று முதல் குழாயே வலிய துணையாயிற்று. ஆனால் அதற்கும் விலை உண்டு. குழாய் பொருத்தப்பட்டவர் பேச இயலாது, பெரும்பாலும் மயக்கத்தில் கிடத்தப்படுவார், தசைகள் நலியும், புதிய தொற்றும் நுழையக்கூடும். ஆகவே குழாயின்றி உதவும் எண்ணம் மறையவில்லை.

முகமூடியின் வரவு

இலண்டன் மருத்துவர் பூல்ட்டன் 1936இலேயே இதய நோயால் நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு முகமூடி வழியே அழுத்தக் காற்றைத் தந்திருந்தார். 1981இல் சிட்னி நகரின் காலின் சலிவன், உறக்கத்தில் மூச்சு தடைபடுவோர்க்கு மூக்கு மூடி வழியே இடையறாத அழுத்தக் காற்றைச் செலுத்திக் காட்டினார். இம்முறையே 'சீபேப்' எனப்படுகிறது.

வைரஸ் கிருமி நுரையீரலைத் தாக்கும்போது இது பயன்படுவது எவ்வாறு? இளம்பிள்ளை வாதத்தில் செயலிழந்தவை மூச்சுத் தசைகள். இங்கோ நுரையீரலின் நுண்ணறைகளே நீர் கோத்துச் சுருங்குகின்றன. முற்றிலும் சுருங்கிய பலூனை ஊதுவது கடினம். சிறிது காற்று நிற்கும் பலூனை ஊதுவது எளிது. மூச்சை வெளியிடும்போதும் ஓரளவு அழுத்தத்தை நிலைநிறுத்தி, அறைகள் மூடிக்கொள்ளாதவாறு முகமூடி காக்கிறது. மூச்சு விடுபவர் நோயாளியே. கருவி துணை மட்டுமே.

அச்சமும் ஆய்வும்

2003இல் சார்ஸ் நோய் பரவியது. சிங்கப்பூரில் மட்டும் 238 பேர் நோயுற்று 33 பேர் மாண்டனர். நோயுற்றோருள் மருத்துவமனை ஊழியர் பலர். முகமூடியின் ஓரத்தில் கசியும் காற்று கிருமியைப் பரப்புமோ என்னும் அச்சம் இயல்பாகவே எழுந்தது. எனினும் ஹாங்காங்கின் ஒரு மருத்துவமனை, தக்க பாதுகாப்புடன் 20 நோயாளிகளுக்கு இம்முறையைக் கையாண்டது. அவர்களுள் 14 பேருக்குக் குழாய் தேவைப்படவில்லை. சிகிச்சை அளித்த ஊழியர் எவரும் நோயுறவில்லை.

2020இல் கோவிட்-19 வந்தபோது அதே அச்சம் மீண்டது. பல இடங்களில் தொடக்கத்திலேயே குழாய் பொருத்தினர். கருவிகளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறியாளரும் மருத்துவரும் மெர்சிடிஸ் பந்தயக் கார்ப் பொறியாளருடன் கூடிப் பழைய சீபேப் கருவியொன்றைப் பிரித்தாராய்ந்து, நூறு மணி நேரத்துக்குள் புதிய மாதிரியை உருவாக்கினர். அதன் வரைபடங்களைப் பிற நாடுகளுக்கும் இலவசமாக வழங்கினர்.

ஆர்வம் மட்டும் சான்றாகாது. பிரிட்டனில் 1,273 கோவிட் நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. வழக்கமான உயிர்வளி மட்டும் பெற்றவர்களுள் 44.4 விழுக்காட்டினர் முப்பது நாளில் குழாய் பொருத்தப்பட்டனர் அல்லது இறந்தனர். சீபேப் பெற்றவர்களிடம் அது 36.3 விழுக்காடாகக் குறைந்தது. இந்நன்மை பெரிதும் குழாயைத் தவிர்த்ததால் வந்தது. இறப்பு தெளிவாகக் குறைந்ததென அவ்வாய்வு நிறுவவில்லை. மூக்கு வழியே விரைவாக உயிர்வளி செலுத்தும் மற்றொரு முறை, வழக்கமான முறையைவிடச் சிறந்ததெனத் தெரியவில்லை.

இதில் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. முகமூடி போதாத நிலையிலும் அதனையே நம்பிக் காலம் தாழ்த்தினால் உயிருக்குக் கேடு. ஆதலின் மூச்சின் வேகத்தையும், குருதியின் உயிர்வளி அளவையும், நோயாளியின் சோர்வையும் இடைவிடாது கவனிப்பவர் அருகில் இருத்தல் வேண்டும். கோப்பன்ஹேகன் மாணவர்கள் கையில் இருந்தது எளிய ரப்பர்ப் பையே. அதற்கு ஆற்றல் தந்தது அவர்தம் விழிப்பு. இன்றைய கருவிகள் எத்துணை நுட்பமானவை ஆயினும், அவ்விழிப்பு இன்றேல் அவை பயன் தாரா. அறிவியல் பயிலும் நம் மாணவர்கள் கருவிகளின் பெயரோடு இவ்வுண்மையையும் மனத்திற் கொள்வார்களாக.