துவக்குச் செய்தவர்கள் எங்கே போனார்கள்?

தலவில அன்னம்மாள் ஆவணித் திருவிழாவில, பலூன் சுட்டுக்கொண்டு நின்ற தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணை, இந்தத் துவக்கை எங்கட நாட்டில செய்ய ஏலாதோ?"

நானூறு வருசத்துக்கு முந்தியே செய்தவங்கள் தம்பி.

தமிழ்நாட்டில் துப்பாக்கி, எங்களுக்குத் துவக்கு, சிங்களத்தில் துவக்குவ. எல்லாவற்றுக்கும் மூலம் 'துஃபெக்' என்ற துருக்கிச் சொல்தான். பேர் வெளியில இருந்து வந்தது. வேலை இங்கேயே ஊறியது. 1505இல் வந்த போர்த்துக்கேயரின் பீரங்கிச் சத்தம் கேட்டு ஆக்கள் திகைத்ததை இராஜாவலிய சொல்கிறது. அந்த நூற்றாண்டு முடியமுன்னமே சீதாவக்கை அரசின் படை துவக்குகளோடு கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளூர்க் கொல்லர் வெறுமனே பிரதி எடுக்கவில்லை. சுடும் பொறியை இடப்பக்கம் வைத்து, அடிக்கட்டையைப் பிளவாகச் செதுக்கித் தங்களுக்கென்று ஒரு வடிவம் கண்டார்கள்.

இந்தத் தொழிலை எது தாங்கியது? இராசகாரியம். கொல்லனுக்குக் காணி, பதிலுக்கு அரசனுக்கு வேலை. ஆனால் துவக்கு மட்டும் இருந்தால் போதாது. மருந்துக்கான வெடியுப்பு மலைநாட்டுக் குகைகளில் கிடைத்தது. கந்தகம் கடல்வழியாகத்தான் வரவேணும். தலவிலவுக்கு வடக்கே கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கியது, கண்டியின் புத்தளத் துறைக்குப் போகிற வாவி வாசலைப் பிடிக்கத்தான். 1766 ஒப்பந்தத்தோடு முழுக் கரையும் அவர்களிடம் போனது. 1815இல் கண்டி அரசே விழுந்தது. 1833இல் இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அதோடு வேலை கொடுக்கிற கையும் போய்விட்டது. அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை. ஆதரிப்பார் இல்லாமல் கைவினை அழிந்ததை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் கவலையோடு எழுதினார்.

இப்போதைய கதைக்கு வருவம். 1994 விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில், பெண்கள் காற்றுத் துவக்கு இரட்டையரில் தங்கம் வென்றது இலங்கை. பத்து மீற்றர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீற்றர். அதைத் தொடுகிற குழலுக்கும் விசைக்கும் உலகமே அன்சூட்ஸ், ஃபைன்வெர்க்பாவ், வால்தர் என்று ஜெர்மன் பட்டறைகளைத்தான் பார்க்கிறது. இந்தியாவில் பிரசிஹோல் என்ற நிறுவனம் ஆழத்துளை இயந்திரம் செய்த அனுபவத்தோடு காற்றுத் துவக்குச் செய்ய இறங்கியது. துளையிடத் தெரிந்தவனுக்குக் குழல் தூரமில்லை.

இங்கேயும் கடைசல் பட்டறைகள் இருக்கு. ஒரேயடியாய் முழுத் துவக்கு வேண்டாம். பிடிகட்டை, குறிவளையம் என்று தொடங்கலாம். சுடுநர் சங்கங்களும் பாடசாலைகளும் வருசாவருசம் வாங்குவோம் என்று உறுதி கொடுக்கவேணும். ஒருமுறை கொடுக்கிற மானியம் பட்டறையைத் திறக்கும். தொடர்ந்து வருகிற வேலைதான் அதை மூடாமல் வைத்திருக்கும்.

1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்ட கண்டிப் பீரங்கி 2023இல் கொழும்புக்குத் திரும்பி வந்தது. பொருள் வந்துவிட்டது. அதைச் செய்த கை இன்னும் வரவில்லை.