ஜப்பானில் முதியோர் மருத்துவச் செலவு

முதியோரின் மருத்துவச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற வழக்கு ஜப்பானில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. தொடங்கியது ஒரு மலைக்கிராமத்தில். இவாத்தே மாகாணத்தின் சவாவுச்சி, குளிர்காலத்தில் பனி மூடிவிடும் ஏழை ஊர். அதன் தலைவர் ஃபுகசவா மசாவோ, 1960 டிசம்பரில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வெளிநோயாளர் சிகிச்சையை இலவசமாக்கினார். மறு ஆண்டே வயது 60 ஆகக் குறைந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் சேர்ந்தார்கள். 1962இல் அவ்வூரில் ஒரு கைக்குழந்தைகூடச் சாகவில்லை. பாட்டிக்கும் பேரனுக்கும் சேர்த்துப் பார்த்த அந்த ஏற்பாட்டில், நாடு எடுத்துக்கொண்டது பாட்டியின் பங்கை மட்டும்.

1973 ஜனவரியில், பிரதமர் தனாகா காக்குயெய் காலத்தில், 70 வயதைக் கடந்தோரில் பெரும்பாலோருக்கு நாடெங்கும் சிகிச்சை இலவசமானது. மக்கள்தொகையில் 65ஐத் தாண்டியவர்கள் அப்போது ஏறத்தாழ 7 சதவீதம்தான், கணக்கு உதைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து பணம் இறுகியது. சிகிச்சை இலவசமானதால் மருத்துவமனைக் கூடங்களோ முதியோர் கூடிப் பேசும் திண்ணைகளாயின. "இன்றைக்கு அவரைக் காணோமே, உடம்பு சரியில்லையோ?" என்பது அக்கால வேடிக்கைப் பேச்சு.

செலவுச் சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருந்தது. வேலை பார்த்த காலம் முழுக்கப் பிரீமியம் போனது கம்பெனிக் காப்பீட்டுக்கு. ஓய்வுபெற்று நோய் கூடும் வயதில் ஆள் வந்து விழுந்ததோ உள்ளாட்சிக் காப்பீட்டில். 1982இல் இயற்றப்பட்ட முதியோர் நலச் சட்டம் இச்சுமையை எல்லாக் காப்பீடுகளுக்கும் பிரித்தது. 1983 பிப்ரவரி முதல் முதியவரும் வெளிநோயாளராக மாதம் 400 யென் கட்டினார். தொகை அற்பம், ஆனால் இலவசம் என்ற சொல் போய்விட்டது.

2008 ஏப்ரலில் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தனிக் காப்பீடு வந்தது. நோயாளி கையிலிருந்து கட்டுவது போக மிஞ்சும் செலவில் சுமார் பாதி அரசுப் பணம், 40 சதவீதம் இளையோரின் காப்பீடுகள் தரும் ஆதரவுத்தொகை, 10 சதவீதம் முதியோரின் பிரீமியம். யார் எவ்வளவு என்பது முதல்முறையாக வெளிப்படையானது. திட்டத்தின் நல்ல அம்சமே அதுதான். பெயர்தான் கெடுத்தது. 'பிற்கட்ட முதியோர்' என்றால் அடுத்த கட்டம் சுடுகாடா என்று கொதித்தார்கள். தொடங்கிய அன்றே பிரதமர் ஃபுகுதா யசுவோ 'நீண்ட ஆயுள் மருத்துவம்' என்று அழைக்கச் சொன்னார். ஏப்ரல் 15 அன்று ஓய்வூதியத்திலேயே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டபோது அந்தப் புதுப்பெயர் எடுபடவில்லை.

2022 அக்டோபரில், 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஓரளவு வருமானமுள்ளோரின் கைச்செலவு 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. 2024 ஏப்ரல் முதல், பிரசவத்துக்குத் தரப்படும் 5 லட்சம் யென் உதவித்தொகையில் ஒரு பகுதி இந்த முதியோர் காப்பீட்டிலிருந்தும் போகிறது.