மேசியா நம்பிக்கை: பினாங்கில்

எபிரேய இறைவாக்கினர் வழியாகக் கடவுள் வாக்களித்ததாக நம்பப்படும் மீட்பரே மேசியா. திருப்பொழிவு பெற்றவர் என்பது பொருள். நாசரேத்து இயேசுவே அவர் என்பது கிறித்தவர்களின் விசுவாசம். அவர் இனிமேல்தான் வருவார் என்பது யூதர்களின் காத்திருப்பு. மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுனில், நடந்தே போகும் தொலைவில் இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் ஆலயம் இருந்தது.

இஸ்ரயேலில் அரசரையும் குருவையும் எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்துவது மரபு. தாவீது அரசரின் அரியணை நிலைத்திருக்கும் என்று இறைவாக்கினர் நாத்தான் உரைத்தார். கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமைத் தரைமட்டமாக்கினர். அரியணை போயிற்று, வாக்குறுதி போகவில்லை. வரப்போகும் ஒருவரைப் பற்றிய எதிர்பார்ப்பு அதன்பிறகே முற்றியது. அதுவும் ஒரே வடிவில் அல்ல: எசாயா நூல் 45ஆம் அதிகாரம் பாரசீக மன்னர் சைரசையே ஆண்டவரின் திருப்பொழிவு பெற்றவர் என்கிறது. சாக்கடல் அருகே கும்ரானில் வாழ்ந்தவர்களோ குரு ஒருவர், அரசர் ஒருவர் என இரு மேசியாக்களை எதிர்பார்த்தனர்.

இம்மானுவேல் என்ற மகன் பிறப்பான் என்னும் எசாயாவின் வாக்கு கி.மு. 735 அளவில், சிரியாவும் வட இஸ்ரயேலும் படையெடுத்தபோது நடுங்கிப்போன யூதா நாட்டு ஆகாசு மன்னருக்குச் சொல்லப்பட்டது. மத்தேயு நற்செய்தி அதை இயேசுவின் பிறப்பில் நிறைவேறியதாகக் காண்கிறது. முதல் காட்சியை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் பேசும் பிரசங்கம், கண்முன் நின்ற மக்களின் அச்சத்தோடு பேசிய இறைவாக்கினரையே தொலைத்துவிடுகிறது. இரு சமயங்களும் பெரிதும் பிரியும் இடம் எசாயா 53. அங்கே வரும் துன்புறும் ஊழியர் இஸ்ரயேல் மக்களே என்பது 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷியின் விளக்கம். கிறித்தவர்கள் அதில் சிலுவையைக் காண்கின்றனர்.

பினாங்கு ரோட்டில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது. டிசம்பர் 25-க்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் கத்தோலிக்கருக்குத் திருவருகைக் காலம். பசுந்தழை வளையத்தில் ஊதா நிறத்தில் மூன்றும் இளஞ்சிவப்பில் ஒன்றுமாக நான்கு மெழுகுவர்த்திகள் வைத்து, வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள். இளஞ்சிவப்பு மூன்றாம் வாரத்துக்கு. மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதலாண்டில் நான்கு ஞாயிறுகளிலும் முதல் வாசகம் எசாயாவிலிருந்தே. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கும் எசாயாதான். பெரிய வெள்ளியன்று அந்தத் துன்புறும் ஊழியர் பகுதி. கத்தோலிக்கர் எசாயா என்று வாசிப்பதை மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைத் தமிழர் ஏசாயா என்பர். அந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவரும் பணியில், தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்து 1719-இல் மறைந்தார். இறைவாக்கினர் நூல்களைத் தமிழில் தந்து அப்பணியை 1720களில் முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே.

அதே எசாயா எபிரேயத்தில் வாசிக்கப்பட்ட இடம், தமிழ்நாட்டு நாகூரின் பெயர் தாங்கிய நாகூர் ரோட்டில் இருந்தது. பாக்தாத் வழிவந்த யூதர்களின் தொழுகைக்கூடம் அங்கே 1929-இல் திறக்கப்பட்டது. பொது வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட, பத்துப் பேர் சேராமல் 1976-இல் அது மூடப்பட்டது. முன்பு யூதர் சாலை எனப்பட்ட ஜாலான் சைனால் ஆபிடினில் அவர்களின் இடுகாடு இன்றும் உள்ளது. எபிரேய எழுத்துப் பொறித்த, முக்கோணக் கூரைபோல் மூடிய கல்லறைகள். மேசியாவின் காலத்தில் இறந்தோர் எழுவர் என்பது யூத மரபாதலால், அந்தக் கற்களும் இந்தக் கட்டுரைப் பொருளைச் சேர்ந்தவையே.

இஸ்லாமும் இயேசுவை ஈசா அல்-மசீஹ் என்றே அழைக்கிறது. ஆனால் இறைமகன் என்று ஏற்பதில்லை. பினாங்குக் கிறித்தவர் தம் விசுவாசத்தைச் சொல்லும்போது பக்கத்து வீட்டு முஸ்லிம் அந்தப் பட்டத்தை ஏற்கெனவே அறிந்திருப்பார்.

யூதரின் மேசியா எதிர்பார்ப்பு வீணானதல்ல என்று 2001-இல் வத்திக்கானின் திருத்தந்தை விவிலியக் குழு எழுதியது. கிறித்தவர்களும் இயேசுவின் இரண்டாம் வருகைக்குக் காத்திருப்பவர்கள்தாம் என்பதை அந்த ஆவணம் சேர்த்தே சொல்கிறது.